இருபத்தைந்து பச்சைகள்

1985 டிசம்பர் 18, புதன்கிழமை. காலை நாலு நாற்பதுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். புதன்கிழமை என்பதால் சிறுநீர்ச் சோதனை. கண்ணாடிக் குழாயில் ஒரு தேக்கரண்டி பெனடிக்ட் கரைசல் (சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் நீலத் திரவம்; கொஞ்சம் என்றால் பச்சை, ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு, செங்கல்), எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதி வரும்வரை. ஆரஞ்சு. நாட்குறிப்பில் ‘ஆரஞ்சு’ என்று எழுதினேன். ஐந்தரைக்குக் கோயில். ஆறேகாலுக்குப் பொங்கல் பிரசாதம். ஏழு மணிக்கு வீட்டில் சர்க்கரையில்லாக் காப்பி.

அந்தக் காப்பி நாக்கில் எரிந்தது. சூடு அதிகம் என்று நினைத்து ஆற்றிக் குடித்தேன். ஆறிய பிறகும் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கின் நடுவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள். துணியால் துடைத்தேன். அடியில் சிவந்து ரத்தம் கசிந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, எட்டுப் பத்து பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி திருச்சிக்கு வேலைக்குப் போனேன்.

சர்க்கரை நோயோடு வாயிலோ தொண்டையிலோ மறைவிடத்திலோ பூஞ்சை வந்து, அதை வெளியே சொல்லக் கூசிக்கொண்டிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றி என்னைவிட உங்கள் டாக்டர் நன்றாகச் சொல்வார். நான் சொல்ல வந்தது நோயாளி செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி. அது டாக்டருக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி நாம்தான் பார்த்துக்கொள்கிறோம்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம். ஆற்றின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். கரையில் நட்டிருக்கும் அளவுகோல்களைப் பார்த்து ஊழியர்கள் அனுப்பும் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருவர் கோலைப் பார்க்காமல் வீட்டிலிருந்தே எண் எழுதி அனுப்பியதை நான் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு வாரம் முழுவதும் ஒரே மட்டத்தை எழுதியிருந்தார். ஆறு அப்படி நிற்காது என்று அவருக்கு நான் எழுதிய குறிப்பின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். சாதம் விழுங்கும்போது நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் நின்று இறங்கியது. என் மனைவி ரங்கநாயகி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

“ஏன்னா, இது வெறும் வாய்ப்புண் இல்லை. நாளைக்கே டாக்டரண்ட போங்கோ. லீவு போட மனசு வரலேன்னா நான் போட்டுத் தரேன்.”

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பிலோமினா என்பவர் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒரு சிவப்புப் பென்சில். நாக்கைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்.

“வேற எங்கயாவது அரிப்பு, சிவப்பு இருக்கா சார்?”

“இல்லை.”

இரண்டு மாதமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே, தொடை இடுக்கிலும் ஆணுறுப்பின் நுனியிலும். மனைவிக்குக்கூடச் சொல்லாமல், கடையில் வாங்கிய ஏதோ களிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“சர்க்கரை இருந்து வாயில இப்படி வந்தா, கீழயும் வந்திருக்கும். இங்க தினமும் பத்துப் பேராவது இல்லைன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. உங்களுக்காக இன்னொரு தடவை கேக்கறேன்.”

சொன்னேன். அன்று என் வெட்கத்தின் எல்லை அதுதான் என்று நினைத்தேன்.

அவர் விளக்கியது இது. என் வாயில் வளர்ந்தது ஈஸ்ட் (ஒரே ஒரு செல்லால் ஆன பூஞ்சை, ரொட்டி மாவை உப்ப வைப்பதும் இந்த இனம்தான்). எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், தொந்தரவு செய்யாது. எச்சிலிலும் சிறுநீரிலும் சர்க்கரை ஏறினால் பெருகிவிடும்.

முதலில் வாய்க்குள் ஜென்ஷியன் வயலட் (பூஞ்சையைக் கொல்லும் ஊதா நிறச் சாயம்) தடவினார்கள். உதடு, பல், நாக்கு எல்லாம் ஊதா. அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரர், “என்ன சார், நாவப்பழ சீசன் முன்னாடியே வந்துடுச்சா? எங்களுக்கும் ரெண்டு கொண்டாறக் கூடாதா?” என்றார். சிரித்தால் பல் தெரியும் என்று நான் சிரிக்கவில்லை. பத்து நாள் தடவியும் திட்டு குறையவில்லை. விழுங்கும்போது வலி அதிகமானது. பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கியிருந்தது.

டாக்டரின் அறைக்குப் பக்கத்திலேயே சின்ன பரிசோதனைக் கூடம். அதற்கு வெளியே ஒரு பெஞ்ச். அங்கேதான் மாணிக்கத்தையும் அவர் மனைவி பழனியம்மாளையும் சந்தித்தேன். உறையூரில் கைத்தறி நெசவு. பழனியம்மாளுக்கும் என்னைப் போலவே சர்க்கரை, வாயிலும் தொண்டையிலும் வெள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவர். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்.

தினமும் சிறுநீரைச் சோதித்து நிறத்தை எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். எனக்கும் அதே உத்தரவு. மாணிக்கத்துக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுதுவது கடினம். அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். குழாயில் வந்த நிறத்துக்குச் சரியாகப் பொருந்தும் நூல் துண்டைத் தேடி எடுத்து, நாளுக்கு ஒன்றாக ஒரு நீள நூலில் முடிந்து கொண்டுவந்தார். செங்கல், செங்கல், காவி, ஆரஞ்சு, மஞ்சள், பிறகு பச்சைகள்.

“இவரு நூலக் கட்டிக்கிட்டுத் திரியறாரு சார். நான் என்ன பொண்டாட்டியா, பொடவையா?” என்றார் பழனியம்மாள். அப்போது அவருக்குப் பேசும் தெம்பு இருந்தது.

“பொடவைன்னா இந்நேரம் வித்திருப்பேன்ல” என்றார் மாணிக்கம்.

டாக்டர் அந்த நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் குறிப்பேட்டைக் கையில் எடுத்தார். நான் கோடு போட்டு ஆறு பத்திகள் பிரித்திருந்தேன். தேதி, நேரம், நிறம், மாத்திரை, உணவு, குறிப்பு.

“இது மாதிரி ஒரு பேஷண்ட் கிடைக்கணுமே” என்றார்.

1986 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. அன்று டாக்டர் எங்களை உள்ளே அழைத்து மூன்று சோதனைக் குழாய்களைக் காட்டினார். மூன்றிலும் பாலாடை நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“முதல் குழாய்ல இருக்கறவன் பேரு கேண்டிடா அல்பிகன்ஸ். இவன மனுஷ ரத்தத்தோட தெளிநீர்ல போட்டு ரெண்டு மணி நேரம் வச்சா, பயறு மாதிரி முளை விடுவான். அந்த முளையாலதான் சதைக்குள்ள துளைச்சுப் போறான்னு சொல்றாங்க. முரடன். ஆனா மருந்து பட்டா பெரும்பாலும் விழுந்துடுவான். இந்த ரெண்டு குழாய் வேற ஜாதி. டோருலாப்சிஸ். முளை விடமாட்டான். பாத்தா சாது. ஆனா சட்டுன்னு மருந்துக்கு மசியமாட்டான். முரட்டுத்தனம் வேற, பிடிவாதம் வேற சார். இங்க வர்ற கேஸ்ல இந்தப் பிடிவாதக்காரன் இப்ப அதிகமாயிட்டு வர்றான். ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு எழுதி வச்சிட்டிருக்கேன்.”

இரண்டாவது குழாய் என்னுடையது. மூன்றாவது பழனியம்மாளுடையது.

கீட்டோகோனசோல் என்று ஒரு மாத்திரை (வாய்வழியாகவே உள்ளுறுப்புப் பூஞ்சையை அடக்கும் மருந்து) அப்போது புதிது. மதராஸிலிருந்து வரவேண்டும். ஒருவருக்குப் போதுமான அளவுதான் அவரிடம் வந்திருந்தது. பிடிவாதக்கார ஈஸ்டுக்கு அது பலிக்குமா என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. எந்தப் பூஞ்சை எந்த மருந்துக்கு அடங்கும் என்று குழாயிலேயே சோதிக்கும் வசதியும் அங்கே இல்லை.

“முதல்ல உங்களுக்குக் குடுத்துப் பாக்கறேன் சார். காரணம் இந்த நோட்டு. இதுதான் எனக்கு லேபு. உங்களுக்குப் பலிச்சா, அடுத்த செட்ட வரவழைச்சு பழனியம்மாவுக்கு. பலிக்கலைன்னா அவங்களுக்கு வேற யோசிக்கணும்.”

“சார் படிச்சவங்க. கரெக்டா எழுதுவாங்க. அவங்களுக்கே முதல்ல குடுங்கம்மா” என்றார் மாணிக்கம்.

மறுநாள் காலை சோதித்தேன். செங்கல் நிறம். காரணம் தெரியும். முந்தின நாள் மாலை கோயிலில் அக்காரவடிசில் (வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பாலில் குழைத்த சோறு) கிடைத்தது. இரண்டு கை. மார்கழி மாதம், காலையில் பொங்கல், மாலையில் ஏதாவது இனிப்பு. பிறந்தது முதல் பழக்கம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை. என் உணவுப் பத்தியில் அதை எழுதவும் இல்லை. சாதம், குழம்பு, தோசை எல்லாம் கரண்டிக் கணக்கோடு இருந்தன. பிரசாதம் அவற்றோடு சேர்ந்தது அல்ல, அது சாப்பாடே அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் இன்றும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

செங்கல் நிறக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாத்திரை தொடங்கிய மறுநாளே இப்படி எழுதினால் டாக்டர் என்ன நினைப்பார்? குழாயைக் கழுவிவிட்டு மறுபடி சோதித்தேன். இந்தத் தடவை எட்டுச் சொட்டுக்குப் பதில் மூன்று சொட்டு. பச்சை வந்தது. ‘பச்சை’ என்று எழுதினேன்.

இருபத்தேழு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். யாரும் படிக்காதவரை அதில் பொய் இல்லை. டிசம்பர் 18-ம் தேதி ‘ஆரஞ்சு’ என்று எழுதியவனும் நான்தான். ஒருவர் படித்துப் பாராட்டத் தொடங்கிய பிறகுதான் என் கை மாறியது.

ஒரு வாரம் மூன்று சொட்டு வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு இரண்டாம் முறை சோதிக்கவே இல்லை. முதல் குழாயைப் பார்த்துவிட்டு ‘பச்சை’ என்று எழுதினேன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். ஞாயிறும் திங்களும் கடும் பத்தியம் இருந்தேன். கோயிலில் சேவித்துவிட்டு, பிரசாதம் கொடுக்கும் இடத்தைத் தவிர்த்துப் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். திங்களும் செவ்வாயும் குழாயில் நிஜப் பச்சை. ரத்தத்திலும் அளவு சரி. நோட்டும் ரத்தமும் ஒத்துப்போயின. டாக்டர் சந்தேகப்பட இடமே இல்லை.

மார்கழி முடிந்தது. என் வழக்கம் முடியவில்லை.

ஒரு நாள் மாலை ரங்கநாயகி என் கையைப் பிடித்து முகர்ந்தாள். “நெய்யும் பச்சைக் கற்பூரமுமா வாசனை வரதே.”

“பிரசாதம்.”

“பிரசாதம்னா அதுல சர்க்கரை இல்லேன்னு ஆயிடுமோ?”

“வேண்டாம்னு சொல்ல முடியுமோ?”

“வேண்டாம்னு யார் சொல்லச் சொன்னா? ஒரு பருக்கை எடுத்துக் கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுக்கோங்கோ. கை வழியா நெய் ஒழுகணும்னு பெருமாள் கேட்டாரா?”

கை கழுவப் போனேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருந்தன. டாக்டரின் அறையில் இரண்டு பயிற்சி டாக்டர்கள் இருந்தார்கள். மாணிக்கமும் நின்றிருந்தார். பழனியம்மாள் முந்தின நாளே வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். எச்சிலை விழுங்கவே முடியவில்லை. காய்ச்சலும் தொடங்கியிருந்தது.

டாக்டர் என் நோட்டை மேஜையில் விரித்துப் பயிற்சி டாக்டர்களிடம் பேசினார்.

“முப்பத்தாறு நாள். ஒரு மாத்திரை விடல. ஒரு நாள்கூட சர்க்கரை பச்சையத் தாண்டல. ஆனாலும் திட்டு போகல. சர்க்கரையக் குத்தம் சொல்ல முடியாது, பேஷண்டக் குத்தம் சொல்ல முடியாது. அப்ப இந்த ஈஸ்ட் இந்த மாத்திரைக்கு மசியலைன்னுதான் அர்த்தம்.” பிறகு மாணிக்கத்திடம் திரும்பினார். “உங்க வீட்டம்மாவுக்கும் இதே ஜாதி. மாத்திரையக் குடுத்து இன்னொரு மாசம் வீணாக்க முடியாது. இன்னிக்கே நரம்புல மருந்து ஏத்திடலாம்.”

ஆம்போடெரிசின் (நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பூஞ்சைக்கொல்லி). அந்தப் பெயரை நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

“ரொம்பக் கடுமையான மருந்துன்னு நர்ஸம்மா சொன்னாங்களே” என்றார் மாணிக்கம்.

“கடுமைதான். குளிர் நடுக்கம் வரும். கிட்னிய அடிக்கும். தினமும் பாத்துப் பாத்துத்தான் குடுக்கணும். வேற வழி இருந்தா நான் இதத் தொடமாட்டேன்.”

வேறு வழி இருந்தது. அது தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பயிற்சி டாக்டர்களில் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, அச்சடித்ததுபோல இருக்கிறது கையெழுத்து என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

“ரெண்டு மூணு நாள் இத நான் வச்சுக்கட்டுமா சார்? இதப் பாத்துக் காப்பி எழுதணும்” என்றார் டாக்டர். சரி என்றேன்.

வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில் மாணிக்கம் என்னை நிறுத்தினார். வேட்டி மடிப்பிலிருந்து நூலை எடுத்தார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. நோட்டுல எல்லா நாளும் பச்சைன்னு போட்டிருந்துச்சே. அது எந்தப் பச்சைங்க?”

“எந்தப் பச்சைன்னா?”

“கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசியா? இதப் பாருங்க, எங்க வீட்டுக்காரிக்குப் பச்சை வந்த நாளுங்க. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்ல. சாயத்துலயே அப்படித்தாங்க. ஒரே தொட்டியில நனைச்சாலும் ரெண்டு கழி நூலு ஒண்ணா வராது. உங்களுக்கு எப்படிங்க முப்பத்தாறு நாளும் ஒரே பச்சை?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “படிச்சவங்களுக்கு உடம்புகூட ஒழுங்கா நடந்துக்குமோ என்னவோ.”

அவர் குரலில் சந்தேகம் இல்லை. நிறம் அவர் தொழில், அதனால் கேட்டார். “எனக்கு அவ்வளவு நுணுக்கமாப் பாக்கத் தெரியாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நடக்கும்போதே, ஒரே நீர்மட்டத்தை எழுதியவருக்கு நான் அனுப்பிய குறிப்பு நினைவுக்கு வந்தது. அந்த வாக்கியத்தை முற்றுப்புள்ளி உட்பட என்னால் சொல்ல முடியும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நோட்டு என்னிடம் இல்லை. சோதிக்கவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. பத்தியமும் இருக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு கூட்டலை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். என் நாட்குறிப்பில் அந்த இரண்டு தேதிகளுக்கும் எதிரே ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருடத்தில் வெற்றாக இருப்பவை அவை மட்டும்தான்.

வியாழன் மாலை ரங்கநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“நெய் வாசனையோட போச்சுன்னு நெனைச்சேன். அந்தப் பொம்மனாட்டிக்கு மருந்து ஏத்தி எத்தனை நாள் ஆச்சு?”

“மூணாவது நாள்.”

“என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்கோ. விடிஞ்சதும் கிளம்புங்கோ.”

பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் டாக்டரிடம் போகத் தைரியம் வரவில்லை. பெண்கள் வார்டுக்குப் போனேன். பழனியம்மாள் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். உதடுகள் கறுத்திருந்தன. பல் கிட்டிப் பேசினார்.

“சார் வந்திருக்காங்க. ஸ்டூல எடுத்துப் போடுங்க.”

மாணிக்கம் ஸ்டூலைப் போட்டார். நான் உட்காரவில்லை. நூலை அவர் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார். கடைசி முடிச்சு வியாழக்கிழமையுடையது.

“இன்னிக்கு முடிச்சுப் போடலியா?” என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“சோதிக்கறதுக்கு மூத்திரமே போகலீங்க சார். விடியக்காலைலேருந்து இல்ல” என்றார் மாணிக்கம்.

அங்கிருந்து நேராக டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் நோட்டு திறந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

“இந்த நோட்டுல இருக்கற நிறம் உண்மை இல்லை டாக்டர்.”

அவர் பேனாவை மூடினார். பிரசாதத்தையும், மூன்று சொட்டையும், ஞாயிறு திங்கள் பத்தியத்தையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சிவப்புப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

“உக்காருங்க. ஒவ்வொரு நாளாச் சொல்லுங்க. ஜனவரி ஏழு?”

“பச்சை. அது நிஜம்.”

“எட்டு?”

“செங்கல்.”

“ஒன்பது?”

“செங்கல்.”

“பத்து?”

“ஆரஞ்சு.”

ஒவ்வொரு ‘பச்சை’யின் மேலும் கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுத வைத்தார். எனக்கு எல்லாமே நினைவிருந்தது. எழுதாமல் விட்டவற்றை மனம் வேறொரு நோட்டில் எழுதி வைத்திருந்தது. முப்பத்தாறில் பதினொன்று நிஜம். இருபத்தைந்து பொய்.

முடித்ததும் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“சர்க்கரை ஊறிக்கிடக்கற இடத்துல எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். மாத்திரை தோத்துச்சா, நீங்க தோத்தீங்களான்னு இப்ப எனக்குத் தெரியாது. ஈஸ்டு பிடிவாதம்னு நான் இங்க எழுதி வச்சிருக்கேன்.” தன் நோட்டைத் தொட்டார். “பிடிவாதம் யாரோடதுன்னு தெரியாமலே எழுதிட்டேன்.”

எழுந்து போனவர், ஏறிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தச் சொல்லி வார்டுக்கு ஆள் அனுப்பினார். மாத்திரைக்கு மதராஸுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து என் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

“மாணிக்கத்துக்கு நான் சொல்லமாட்டேன் சார். அத நீங்க சொல்லணும்.”

சொன்னேன். வார்டு வாசலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். நாலைந்து வாக்கியம்தான். அவர் கையிலிருந்த டம்ளரைப் பானை மூடியின் மேல் வைத்தார்.

“அன்னிக்குக் கேட்டேனே சார்” என்றார். “எந்தப் பச்சைன்னு கேட்டேனே.”

டம்ளரை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து நிறுத்திய மூன்றாம் நாள் பழனியம்மாளுக்குச் சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியத் தொடங்கியது. திங்கட்கிழமை மாத்திரை வந்தது. நாலு வாரத்தில் அவர் வாய் சுத்தமானது. கஞ்சி, பிறகு குழைந்த சாதம். ஏற்றிய நாலு பாட்டிலுக்கும் இதில் பங்கு உண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தன் நோட்டில் ‘மசியவில்லை’ என்ற வார்த்தையை அடித்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று எழுதினார். பழனியம்மாளின் சிறுநீரகம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. மூன்று வருடம் ஆகிறது; மாலையில் அவருக்குக் கால் வீங்குகிறது. பெஞ்சில் பார்த்தால் பழையபடி “வாங்க சார்” என்று நகர்ந்து இடம் விடுகிறார். மாணிக்கம் எழுந்து வெளியே போய் நிற்கிறார்.

எனக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த மாத்திரையும் சேர்ந்து ஏப்ரலில் நாக்கு சுத்தமானது. கீழே இருந்த சிவப்பு மறைய ஜூன் ஆனது. நாக்கில் எரிச்சல் இல்லாத முதல் காப்பியை மகிழ்ச்சியோடு குடித்தேன் என்று எழுத ஆசைதான். வார்டில் இருந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வந்தது.

உடம்பு முன்பெல்லாம் எனக்கு என் சொந்த விஷயம். அதைப் பற்றி நான் எழுதுவதும் எழுதாததும் என்னோடு முடிந்துவிடும் என்று இருந்தேன். ஒரே பூஞ்சை இரண்டு உடம்பில் வளரும்போது, ஒருவர் குழாயில் தெரியும் நிறம் இன்னொருவர் நரம்பில் இறங்குகிறது. வருடங்களை இப்போதும் தேதி போட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நாலு பாட்டில்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து நோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் பிப்ரவரி 15, சனிக்கிழமை. நாலு நாற்பதுக்கு எழுந்தேன். பல் துலக்குவதற்கு முன், எல்லாவற்றுக்கும் முன், விளக்கை ஏற்றினேன். ஒரு தேக்கரண்டி நீலம். எட்டுச் சொட்டு, வாய்விட்டு எண்ணினேன். கொதி வந்தது. குழாயை வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்து, நிறம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டில், கோடு போட்ட பச்சைகளுக்குக் கீழே எழுதினேன்: ‘செங்கல். சூளையிலிருந்து எடுத்த புதுச் செங்கல் அல்ல, மழையில் நனைந்தது.’